சீப்பும் அச்சும் கொஞ்சம் இரைச்சலும்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம், அதுவும் எவ்வளவு இழுத்தாலும் வராத ஆணி. அதைப் பத்தித்தான் இது. கொஞ்சம் அறிவியல் வரும், பயந்து ஓடிடாதீங்க மக்கா :-)

ஆய்வகத்துல என் பொறுப்பில் இருப்பது ஒரு சீப்பு. தலை வாருறது இல்லை, ஒளிச்சீப்பு. ஃபைபர் லேசர் ஒன்று நொடிக்குப் பத்து கோடி துடிப்புகளை ஒரே சீராக விட்டுக்கிட்டே இருக்கும். அந்த ஒளியை அலைவெண் வாரியாகப் பிரிச்சுப் பார்த்தால் சம இடைவெளியில் லட்சக்கணக்கான கோடுகள், சீப்புப் பல் மாதிரி. பல்லுக்குப் பல் என்ன இடைவெளி, மொத்தச் சீப்பும் சுழியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கு, இந்த ரெண்டு எண் தெரிஞ்சால் போதும். எந்தப் பல்லின் அலைவெண்ணையும் கணக்குப் போட்டே சொல்லிடலாம். ஒளியின் அதிர்வை நேரடியாக எண்ணும் வேகம் எந்த மின்னணுக் கருவிக்கும் கிடையாது. சீப்பை வெச்சுத்தான் எண்ண முடியும். 2005 இயற்பியல் நோபலில் பாதியை ஹாலும் ஹென்ஷும் பங்கு போட்டுக்கிட்டது இதுக்காகத்தான். ஒளியில் ஓடும் அணுக்கடிகாரத்துக்கு இது இல்லாமல் ஆகாது. நம்ம ஊரிலும் புனே ஐயூகாவில் இட்டர்பியம் அயனியை வெச்சு அப்படி ஒரு கடிகாரம் கட்டுற வேலை நடக்குது.

ஆரம்பத்தில் இதுக்கு டைட்டானியம் சஃபையர் லேசர்தான். சுத்தமான லேசர், ஆனால் பக்கத்துலயே உட்கார்ந்து சீராட்டணும். எர்பியம் கலந்த ஃபைபர் லேசர் அப்படியில்லை. 1550 நானோமீட்டர், தொலைபேசிக்காரங்க பயன்படுத்துற அதே ஒளி, அதனால் உதிரி பாகமெல்லாம் மலிவு. போட்டுவிட்டால் வாரக்கணக்கில் ஓடும். ஒரே குறை இரைச்சல்.

எனக்கு வந்த வினையும் அதுதான். அந்தத் 'தள்ளி உட்கார்ந்த' அளவைத் திரையில் பார்த்தால் ஊசி மாதிரி நிக்கணும். எனக்கு உரலாட்டம் நின்னுச்சு. ஆறு மாசம். லேசரைக் கருங்கல் பலகையில் வெச்சோம், நுரைப் பெட்டிக்குள்ள மூடினோம், ஏசியை அணைச்சுட்டு வேர்க்க வேர்க்க அளந்தோம். உரல் அசையலை. பேராசிரியர் எதுவும் சொல்லலை, அதுதான் பயம். விட்டுட்டுப் போயிடலாம்னு மனசுக்குள்ள கடிதம்கூட எழுதிட்டேன்.

அந்த நிலைமையில்தான் ஊருக்குப் போனேன். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். எங்க வீட்டில் ரெண்டு குழித்தறி இருந்துச்சு. ஒரு குழியை மூடி சிமெண்ட் பூசியாச்சு, அதுமேல இப்ப ஃப்ரிட்ஜ் நிக்குது. மிச்சம் இருக்கிறதுல அப்பா கோர்வை போடுறதில்லை. கோர்வைன்னா உடலும் கரையும் வேற வேற நிறத்தில், மூணு நாடா ஓடணும், பக்கத்துல உட்கார்ந்து ஒரு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். பத்தாவது வரைக்கும் அந்த ஆள் நான்தான். அதுக்கப்புறம் நான் படிக்கப் போயிட்டேன், கோர்வையும் போயிடுச்சு. கூலியும் குறைஞ்சுது. அப்பா இதை ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்லை.

தறிப் பக்கத்துல உட்கார்ந்து என் புலம்பலைக் கொட்டினேன். சீப்புன்னதும் அவர் அச்சைக் காட்டி, "இதாட்டமா?"ன்னார். ஏறக்குறைய அதேதான்ப்பா, பல்லு சமமா இருக்கணும்னேன்.

"கோடு நெட்டுக்கு ஓடுதா, குறுக்க ஓடுதா?"

"என்னாப்பா?"

"நெட்டுக்கு ஓடினா அச்சுல பல்லு வளைஞ்சிருக்கு. குறுக்க பட்டை விழுந்தா கையடி சரியில்ல, இல்லாட்டி பாவு தளர்ந்துபோச்சு. எதுன்னு பாக்காம மொத்தத் தறியையும் ஏண்டா பிரிக்கிற?"

அப்பா லேசரைச் சரி பண்ணினார்னு கதை விடமாட்டேன். இதே விஷயம் கட்டுரைகளில் இருக்கு, நானும் படிச்சதுதான். படிச்சதோட சரி.

விஷயம் இதுதான். சீப்பை ஒரு ரப்பர் பட்டையில் குறிச்ச புள்ளிகளா நினைச்சுக்குங்க. ஃபைபரின் நீளம் மாறினால், அதாவது சூடோ அதிர்வோ பட்டால், பட்டை சுழிப் பக்கம் ஆணியடிச்ச மாதிரி இழுபடும். தூரத்துப் பல் அதிகமாக ஆடும். எங்க லேசரில் இருக்கிறது ரெண்டு மீட்டர் ஃபைபர். ஒரு டிகிரி சூடு ஏறினால் 1550 பக்கத்துப் பல் பத்து இடைவெளிக்கு மேல நகர்ந்துடும். ஆனால் லேசருக்குச் சக்தி கொடுக்கிற பம்ப் டயோடின் மின்னோட்டம் நடுங்கினால் ஆணி லேசரின் சொந்த நிறத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். அங்கே அசைவு குறைவு, சுழி முனைதான் வாலாட்டும்.

திரும்பி வந்ததும் 1550 பக்கத்துப் பல்லை இன்னொரு அசையாத லேசரோட ஒப்பிட்டேன். சமர்த்தா நிக்குது! ஆடினது சுழி முனை மட்டும். ஆறு மாசமா கல்லும் நுரையும் வெச்சு நாங்க துரத்தினது நீளத்தை. நோய் பம்பில்.

பம்பின் மின்வழங்கியைக் கழட்டிட்டு கார் பேட்டரியில் ஓட்டினோம். உரல் பாதியா இளைச்சுது. மிச்சம் எர்பியமே தன்பாட்டுக்குக் கக்குற ஒளியால வர்றது, அதை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். சுற்றுக்குள்ள ஒளி இழப்பைக் குறைச்சோம். வெவ்வேற நிறங்கள் வெவ்வேற வேகத்தில் ஓடுற பிரச்சினையைச் சுழிக்குப் பக்கம் கொண்டுவர ஃபைபரை ரெண்டு ரெண்டு சென்டிமீட்டரா வெட்டி ஒட்டினோம். இதுக்கே மூணு வாரம். அப்புறம்தான் பூட்டு: மெதுவான நகர்வுக்குச் சூட்டுக் கட்டுப்பாடு, நடுத்தரத்துக்கு பீசோ, வேகமானதுக்கு உள்ளேயே ஒரு படிகம். இதையெல்லாம் முதல்லயே மாட்டிப் பார்த்து, பிடிக்காமல் வழுக்கி வழுக்கி விழுந்த கதை தனி. இரைச்சல் அதிகமா இருக்கும்போது பூட்டு பிடிக்காது.

போன செவ்வாய் ராத்திரி ரெண்டு மணிக்கு ஊசி வந்துச்சு.

காலையில அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கோடு போச்சாடா?"

"போச்சுப்பா. அம்பது ஹெர்ட்ஸ்ல மட்டும் ரெண்டு பக்கமும் சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அது கரண்டுலேர்ந்து வருதா?"

"ஆமாம்ப்பா."

"சரி. தீபாவளிக்கு வர்றியா? ஒரு கோர்வைக்குச் சொல்லியிருக்காங்க. ஆள் இல்லைன்னு இன்னும் ஒத்துக்கல."

பத்து நாள் லீவு போட்டிருக்கேன். கை மறந்திருக்குமான்னு தெரியலை.