தோரோங் லா தாண்டிய நாள்

அன்னபூர்ணா சுற்றுப்பாதை, நேபாளம். அக்டோபர். தோரோங் ஃபேடி விடுதியில் விடிகாலை மூன்றரைக்கே பாத்திரச் சத்தம். இருட்டில் கிளம்புவது வீரத்தால் இல்லை, காற்றுக்குப் பயந்து. வெயில் ஏற ஏறத் தோரோங் லா கணவாயில் காற்றும் ஏறும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகியாயிற்று. உறைவது மேலிருந்துதான் தொடங்கும். மூடி கீழே இருந்தால் திறந்து குடிக்கலாம். உறிஞ்சுகுழாய்ப் பை கொண்டுவந்தவர்களுக்குக் குழாய்க்குள் குச்சி ஐஸ்.

ஹை கேம்ப் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. பத்து அடி, நிற்பது. மறுபடி பத்து அடி. கடல்மட்டத்தில் கிடைக்கும் காற்றில் பாதிதான் இங்கே. முன்னால் ஒரு போர்ட்டர் பையன், நெற்றிப்பட்டையில் இரண்டு பேர் மூட்டையைத் தொங்கவிட்டு, போனில் பாட்டு கேட்டபடி போகிறான்.

2014 அக்டோபரில் இந்தப் பகுதியில் பனிப்புயல் அடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத் புயலின் மிச்சம் அது. இரண்டே நாளில் இங்கே வந்து பனியாகக் கொட்டியிருக்கிறது. வங்கக்கடல் புயலுக்கு இவ்வளவு உயரம் எட்டுமென்று யார் நினைத்தது?

5,416 மீட்டர். பலகை, கொடிகள், ஒரு டீக்கடை. டீ விலை அநியாயம். சுமந்து வந்தவன் முதுகை நினைத்தால் நியாயம்.

பயணக்கதைகள் பெரும்பாலும் இந்தப் பலகையோடு முடிந்துவிடும். வேலையே இதற்கப்புறம்தான். ஏறியது ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முக்திநாத்துக்கு இறங்க வேண்டியது சுமார் 1,600. வழியெல்லாம் சரளை. அடிக்கு அடி முதுகுப்பை ஒரு தள்ளு தள்ளுகிறது. மூச்சு திரும்ப வர வர முட்டி போகிறது. ஷூ லேஸைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கும். சாயங்காலம் பெருவிரல் நகம் கறுத்திருக்கும். ஊன்றுகோலையும் ஒரு பிடி நீட்டிக்கொள்ள வேண்டும். ஏற்றத்துக்குப் பழகி வருகிறவர்கள் இறக்கத்துக்கும் பழகலாம். யாரும் செய்வதில்லை.

இந்தப் பக்கம் முஸ்தாங். மழை மறைவு, மரமே இல்லாத பழுப்பு மலைகள். கீழே எங்கோ காளி கண்டகி, சாளக்கிராமக் கல் கிடைக்கும் ஆறு. கல்லுக்குள் தெரியும் சக்கரம், பழைய கடலுயிர் ஒன்றின் சுருள் ஓடு. இமயமலை எழும்பிய இடத்தில் முன்பு கடல்.

முக்திநாத், வைணவர்களுக்குத் திருச்சாளக்கிராமம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். கோயில் வாசலில் குரங்குக் குல்லாக்களும் நல்ல தமிழும். "மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து நடந்தா வரேள்?" என்றார் ஒரு மாமி. ஆமாம் என்றேன்.

"ஏன், ஜீப் இருக்கே!"

பதில் தோன்றவில்லை. அவர் வீட்டுக்காரர் கோயிலின் 108 நீர்த்தாரைகளுக்கும் கீழே தலையைக் காட்டியபடி, நடுங்கிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். நான் கீழே ராணிபௌவாவுக்கு டால்பாத் சாப்பிடப் போனேன். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.