பாய்லரடிக்கு ஒரு பயணம்



ஈப்போவுக்கு வருகிறவர்கள் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கிறார்கள். குகைக் கோயில்களில் கும்பிட்டுவிட்டு, வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு, தம்புன் பம்பளிமாஸ் இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு பேராக்கைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது நீராவியின் பேராக். நம் தாத்தாமார் விறகு தள்ளியும், நம் அண்ணன் தம்பிகள் செம்பனை நார் தள்ளியும் வளர்த்த பேராக்.

கதை தைப்பிங்கில் தொடங்குகிறது. ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தபோது, 1877-இல், அங்குள்ள ஈயச் சுரங்கத்துக்கு முதன்முதலாக நீராவி எஞ்சினும் சுழல் பம்பும் வந்தன. அதுவரை பள்ளத்தில் ஊறிய தண்ணீரை நீர்ச்சக்கரமும் மனிதர் கால்களும்தாம் இறைத்துக்கொண்டிருந்தன. எட்டே ஆண்டுகளில், 1.6.1885-இல், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. தூரம் எட்டு மைல். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வந்தார்கள். போர்ட் வெல்ட் இன்று குவாலா செபெத்தாங். இறால் வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெலுக் இந்தான் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை உண்டு. 17.9.1894 அன்று ஒரு காட்டு யானை தன் கூட்டத்தைக் காக்க எண்ணி, புகைவிட்டு வந்த ரயிலை எதிர்த்து முட்டித் தண்டவாளத்தை விட்டே தள்ளிவிட்டது. யானையும் மாண்டது. அதற்கு அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பிள்ளைகள் சாய்ந்த கோபுரத்தைவிட இந்தப் பலகையைத்தான் நெடுநேரம் பார்ப்பார்கள்.

ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தெற்கே இறங்குங்கள். வழியில் கெல்லி மாளிகை வரும். அருகில் உள்ள மாரியம்மன் கோயிலின் கூரையில் சாமிகளோடு சாமியாக வெள்ளை உடை அணிந்த துரை ஒருவரும் நிற்கிறார், பாருங்கள். அங்கேயே நேரத்தைக் கழித்துவிடாமல் தஞ்சோங் துவாலாங் சாலைக்கு வந்தால், 1938-இல் கட்டிய ஈயக் கப்பல் டிடி 5 குட்டையில் நிற்பதைக் காணலாம். 4,500 டன் எடை. 1980-களின் தொடக்கம்வரை மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்தது. இப்போது பார்வையாளர்களுக்காகப் பராமரிக்கிறார்கள். போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. முந்தைய தலைமுறைக் கப்பல்கள் தம் வயிற்றிலேயே பாய்லரைச் சுமந்துகொண்டு மிதந்தன. பிறகு மின்சாரம் வந்தது. நெருப்பு மட்டும் அணையவில்லை. அது மாலிம் நாவார் மின் நிலையத்துக்கு இடம் மாறியது. அங்கேயும் பாய்லர்தான்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். பால்மரக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் புகைக்கூடம் இருந்தது. ரப்பர் ஷீட்டை உலர்த்த விறகுப் புகை போதும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. குலையை வெட்டியதும் பழத்துக்குள் எண்ணெய் கெடத் தொடங்குகிறது. நல்ல நீராவியில் வேகவைத்தால்தான் அந்தக் கேடு நிற்கும். பழமும் குலையை விட்டுக் கழன்று வரும். ஆகவே செம்பனை மில்லின் உயிர் எங்கே என்று கேட்டால் பாய்லரைத்தான் காட்ட வேண்டும்.

கீழ்ப் பேராக்கில் மில்கள் பல. திடீரென்று போய் நின்றால் கார்டு உள்ளே விடமாட்டார். பள்ளி மூலம் மேனேஜருக்குக் கடிதம் எழுதினால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். அப்படி அனுமதி பெற்றுத்தான் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை நான் அழைத்துப் போனேன். எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் முப்பது ஆண்டுகள் பாய்லரடியில் நின்ற பெரியவர். ரப்பர் லயத்தில் பிறந்தவர்.

முதலில் வேகவைக்கும் இடம். குலைகள் நிறைந்த கூண்டு வண்டிகள் நீண்ட இரும்பு உருளைக்குள் போகின்றன, கதவு மூடுகிறது, ஒன்றரை மணி நேரம் நீராவி. "வீட்டில் அம்மா பிரஷர் குக்கரில் பருப்பு வைக்கிறார்களே, அதுதான் இது" என்றார் பெரியவர். உண்மைதான். ஆனால் குக்கரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. இந்த உருளையில் 40 பவுண்டு. இதற்கு ஆவி கொடுக்கும் பாய்லரிலோ பல மில்களில் 300 பவுண்டு! அந்த அழுத்தத்தில் தண்ணீர் 215 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பாய்லர் சுவரில் ஒரு சதுர அடி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, அதன்மேல் 19 டன்னுக்கு அதிகமான பாரம் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. மிச்ச ஆவிதான் பழம் வேகவைக்க வருகிறது. எரிப்பது பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடும்.

இவ்வளவு சக்தியைப் பூட்டி வைத்தால் ஆபத்தும் கூடவே வரும். 1803-இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் செய்த பாய்லர் ஒன்று வெடித்து 4 பேர் மாண்டனர். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டானாம்! நம் ஊர்ப் பிள்ளைகள் கெண்டை பிடிக்கப் போவதுபோல. பையனைத் திட்டிவிட்டு டிரெவிதிக் சும்மா இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதன்பின் தம் பாய்லர்களில் ஒன்றுக்கு இரண்டாகப் பாதுகாப்பு வால்வு வைத்தார். சூடு மிஞ்சினால் உருகி வழிவிடும் காரீய முளையையும் பொருத்தினார். உங்கள் வீட்டுக் குக்கர் மூடியில் குண்டு தவிர இன்னொரு சிறிய மூடிபோல் இருக்கிறதே, அது அந்த முளையின் பேரப்பிள்ளைதான். கடையில் கிடைத்த வேறு எதையாவது அந்த இடத்தில் செருகாதீர்கள், தாய்மாரே.

நம் நாட்டில் வேலையிடப் பாதுகாப்புச் சட்டமே பாய்லரில்தான் பிறந்தது. சிலாங்கூரில் 1892-இல் பாய்லர் சட்டம் வந்தது, பேராக்கில் 1903-இல். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நெடுங்காலம் அமலில் இருந்து 2024-இல் நீக்கப்பட்டது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்றும் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் பாய்லரை இயக்க முடியாது. அதைக் கவனிப்பவருக்கும் சான்றிதழ் வேண்டும்.

நீங்கள் மில்லுக்குப் போனால் பாய்லர் கட்டடத்தருகே உயர்ந்த இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு தொட்டியைத் தேடுங்கள். கையை வைத்துவிடாதீர்கள், சுடும். பாய்லருக்கு ஊட்டும் தண்ணீரை அதில் முன்கூட்டியே ஆவியால் சூடாக்கி வைக்கிறார்கள், 80, 90 டிகிரி வரைக்கும். சில மில்களில் தனிக் கலனில் 100-ஐயும் சற்றுத் தாண்டிக் காய்ச்சுகிறார்கள். "எப்படியும் கொதிக்கப் போகிற தண்ணீரை ஏன் சார் இரண்டு முறை சுட வைக்கணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

கேத்தலில் தண்ணீர் வைத்து உற்றுப் பாருங்கள். கொதிப்பதற்கு வெகு முன்பே அடியில் சிறு சிறு குமிழிகள் எழும். அவை ஆவி அல்ல. தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அந்தக் காற்றில் உள்ள பிராணவாயு பாய்லருக்குள் போனால் இரும்புக் குழாயை அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக அரிக்கும். குழி ஆழமானால் குழாய் ஓட்டை. முன்பே சுட வைத்தால் காற்று வெளியிலேயே போய்விடும். இரண்டாவது, சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? இரும்பு டம்ளர்போல உடையாதுதான். ஆனால் தினந்தினம் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தால் இணைப்புகள் தளர்ந்து கசியும். மூன்றாவது சிக்கனம். ஊட்டும் நீரை ஒவ்வொரு 6 டிகிரி சூடாக்கும்போதும் எரிபொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று மிச்சம். வீணாகும் சூட்டைக் கொண்டு இதைச் செய்வதில்தான் லாபம். புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சும் குழாய் அமைப்பை எட்வர்ட் கிரீன் என்பவர் 1845-லேயே பதிவு செய்துவிட்டார். நார் இலவசம்தானே என்று சில மில்கள் இதில் அக்கறை காட்டுவதில்லை. கொட்டை ஓடு இன்று ஜப்பானுக்குக் கப்பலேறும் சரக்கு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தொட்டி ஏன் அவ்வளவு உயரத்தில்? சூடான தண்ணீரைப் பம்பு உறிஞ்சினால் அது பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்பு வெறுமனே சுற்றும். உயரத்திலிருந்து தன் கனத்தால் இறங்கி வந்தால் அப்படி ஆகாது. ஆக, அந்த நான்கு இரும்புக் கால்களும் அழகுக்காக நிற்கவில்லை.

பாய்லருக்குத் தண்ணீர் நின்றுபோவதைவிடப் பெரிய அபாயம் கிடையாது. ஒரு நள்ளிரவில் நடந்ததைப் பெரியவர் சொன்னார். அது வேறு மில்; பெயர் வேண்டாம். பம்பில் கோளாறு. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. அதற்குள் பம்பைச் சரிசெய்துவிட்டார்கள். பழம் மலைபோல் குவிந்திருக்கிறது. "தண்ணியை விடு, சீக்கிரம்!" என்று மேலே இருந்து சத்தம். இவர் மறுத்துவிட்டார். நார் விழுவதை நிறுத்தினார், நெருப்பை அடக்கினார், பாய்லரைத் தானாக ஆறவிட்டார். குழாய்கள் தண்ணீரின்றிக் காய்ந்து பழுத்திருந்தால் அந்த நேரத்தில் விடும் தண்ணீர் நொடியில் ஆவியாகிப் பாய்லரையே பிளந்துவிடும்.

"அன்னிக்கு ராத்திரி மில்லு நின்னு போச்சு, வாத்தியாரையா. மூணு நாள் என்கிட்ட யாரும் முகங்கொடுத்துப் பேசல" என்றார்.

"பயமாக இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"வேலை போயிடுமோன்னு பயந்தான். கீழே எட்டுப் பேர் நின்னாங்களே."

அவர் மனைவிக்கு இந்தச் சம்பவம் நெடுநாள்வரை தெரியாதாம். நம் லயங்களில் "அவர் வெறும் நெருப்புத் தள்ளுற வேலைதானே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இனி அப்படிச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த வேலைக்கு இரண்டாம் கிரேடு, முதல் கிரேடு என்று தேர்வுகள் உண்டு. பாய்லரடியில் வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் எழுத முடியும். ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டு, என்ன செய்வதென்று பாசாரில் சுற்றும் தம்பிமார் இருந்தால் விவரம் கேட்கச் சொல்லுங்கள்; வேலையிடப் பாதுகாப்புத் துறையின் அலுவலகம் ஈப்போவிலேயே இருக்கிறது.

விடைபெறும் நேரத்தில் ஷிப்ட் மாறியது. புதிதாக வந்த இளைஞர் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே மட்டக் கண்ணாடியிடம் போனார். இப்போது மட்டம் பார்க்கத் தானியங்கிக் கருவி இருக்கிறது. குறைந்தால் மணி அடிக்கிறது. இருந்தும் அவர் கீழ்க் குழாயைத் திறந்து கண்ணாடியில் இருந்த தண்ணீரை வெளியேற்றிவிட்டு மூடினார்.

"கண்ணாடி பொய் சொல்லுமா சார்?" என்று மாணவன் ஒருவன் என் காதில் கேட்டான். பெரியவருக்குக் கேட்டுவிட்டது.

"சொல்லும்டா தம்பி. வழி அடைச்சுக்கிட்டா பழைய தண்ணியே உள்ளே நிக்கும். உனக்குத் தண்ணி இருக்கிற மாதிரி தெரியும். அதான் காலி பண்ணிப் பாக்குறார். தண்ணி சட்டுன்னு ஏறணும். மெதுவா ஏறினா நம்பாதே."

நாங்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தோம். தண்ணீர் சட்டென்று ஏறியது.