எந்தப் பக்கம் திருப்புவது?

தேக்குப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தபோது கருகல் வாசனை வந்தது. வெட்டிய ஓரம் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. பிளேடு மழுங்கிவிட்டால் மேசை ரம்பம் மரத்தை அறுப்பதில்லை, தேய்த்துச் சுடுகிறது. நாமும் பொறுமையிழந்து அழுத்தித் தள்ளுகிறோம். மரம் எகிறுவதும் கை முன்னே போவதும் அப்போதுதான்.

தமிழில் எம்.ஏ. படித்து மொழிபெயர்ப்பில் பிழைப்பவனுக்குப் பெங்களூர் அல்சூரின் மொட்டை மாடி அறையில் ரம்பம் எதற்கு? புத்தக அலமாரி செய்ய ஆசைப்பட்டேன். அலமாரி இன்னும் முடியவில்லை. ரம்பம் நிலைத்துவிட்டது.

எஸ்.பி. ரோட்டில் 10 அங்குல பிளேடு ஒன்று வாங்கி வந்தேன். நீளவாக்கில் பிளக்க 24 பல், குறுக்கே நறுக்க 60 அல்லது 80 பல் என்பது கணக்கு. நான் வாங்கியது 40. இரண்டுக்கும் ஒப்பேற்றும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. முழங்கை பட்டால் தீர்ந்தது. மேசையின் நடுத் தகட்டைக் கழற்றி, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, அது சுழலாதபடி மரத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்தேன். நட்டில் ஸ்பானரை மாட்டி, ஊரில் எல்லா நட்டையும் கழற்றுவதுபோல இடஞ்சுழியாகத் திருப்பினேன். அசையவில்லை. பலத்தைக் கூட்டினேன். ஸ்பானர் வழுக்கிப் புறங்கை பற்களில் உரசியது. மரத்துக்குத்தான் அது மழுங்கல், தோலுக்கு இல்லை.

எதிர் வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். இடது கை ஆட்காட்டி விரலில் பாதி இல்லாதவர். "உல்டா திரெட் சார்" என்றார். வலப்பக்கம் ஒரு தட்டு. நட்டு கழன்றுவிட்டது.

பிளேடு எந்தத் திசையில் சுழலுமோ அதே திசையில் திருப்பினால் நட்டு கழலும் என்று சொல்லிக்கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மோட்டார் சட்டென்று கிளம்பும்போது நட்டு ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலே அதை இறுக்கும்படி மரை வெட்டியிருக்கிறார்கள். நட்டு பிளேடுக்கு வலப்புறம் இருந்தால் சாதாரண மரை, இடப்புறம் இருந்தால் தலைகீழ் மரை. சைக்கிளின் இடது பெடலிலும் தலைகீழ் மரைதான். சைக்கிள் கடைப் பையனுக்கு இது தெரியும்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடங்களுக்கு முன் ஓர் இயந்திரக் கம்பெனிக்காக இதேபோன்ற ரம்பத்தின் கையேட்டைத் தமிழாக்கினேன். இயந்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. 'லெஃப்ட் ஹேண்ட் திரெட்' என்றிருந்ததை 'இடது மரை' என்று எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். தெளிவாக இருக்கட்டுமே என்று, 'இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றவும்' என்று மூலத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். இடது என்றால் இடப்பக்கம்தானே! யாரும் கேள்வி கேட்கவில்லை. பணமும் வந்தது.

சங்குக்கு வலம்புரி, இடம்புரி என்கிறோமே, அந்தப் 'புரி' முறுக்கைத்தான் குறிக்கிறது. 'இடம்புரி மரை' என்று அன்று தோன்றியிருந்தால் திசை பற்றிக் கொஞ்சம் யோசித்திருப்பேன். ஆனால் பட்டறையில் 'உல்டா' என்ற சொல்லை அதுவும் வென்றிருக்காது.

காயத்துக்குத் துணி சுற்றும்போது அவரிடம் கேட்டேன்: "உங்க விரல் பிளேடு மாத்தும்போதா போச்சு?"

"இல்ல சார், ஓடும்போது."

பல கட்டட வேலைகளில் கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தைப் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி மேசை ரம்பமாக்கிக்கொள்கிறார்கள். பாதுகாப்பு மூடி அங்கேயே போய்விடுகிறது. அப்படி ஒன்றில் போன விரல். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டுபிடித்தார். விரல் பட்டதும் உடலின் மின்கடத்தலை உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்று பிளேடில் பாய்ந்து 5 மில்லிவினாடிக்குள் அதை நிறுத்திவிடும். பிளேடும் கட்டையும் நாசம், விரல் பத்திரம். எதிர் வீட்டுக் கதவு வேலைக்கு அந்த ரம்பம் எப்போது வரும்?

அவர் சொன்ன பதிலில் எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. ஏற்பட்டதற்காகக் கூச்சமாகவும் இருந்தது. என் கையேட்டை நம்பித் திருப்பியவர்கள் யார், அவர்கள் ஸ்பானர் எங்கே வழுக்கியது என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

புதுப் பிளேடின் மேற்பற்கள் என்னைப் பார்க்கும்படி மாட்டி, நட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிளக்கைச் செருகினேன். அன்று இரவு பழைய கோப்புகளில் கையேட்டின் பிரதி கிடைத்தது. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன், தவறான வரியையும் சரியான வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்து. இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் நேரில் போகிறேன்.