அக்காவின் தலையிடி

ஒரு வீட்டில் ஒருவருக்கு அடிக்கடி தலையிடி வருமாயின், அந்நோய் அவரோடு நின்றுவிடுவதில்லை. வீடு முழுவதையும் பிடித்துக்கொள்கின்றது. பகலிலேயே சன்னல்கள் சாத்தப்படுகின்றன. வானொலி வாய்மூடுகின்றது. பிள்ளைகள் பாடத்தை மனத்துக்குள்ளே படிக்கப் பழகிக்கொள்கின்றனர். கால் முறிந்தவரைக் கண்டு இரங்கும் உற்றார், தலையைப் பிடித்தவாறு படுத்திருப்பவரைப் பார்த்து, "இன்றைக்கும் தலையிடியோ?" என்கின்றனர். அந்த 'இன்றைக்கும்' என்ற சொல்லிலே சிறிது சலிப்புக் கலந்திருப்பதை எவராலும் மறைக்க முடிவதில்லை.

என் தமக்கையார் ஓர் ஆசிரியை. பதினான்கு ஆண்டுகளாக ஒற்றைத் தலையிடியோடு குடித்தனம் நடத்தியவர். நம்மூர்ப் பெரியவர்கள் கபாலக்குத்து என்பார்களே, அதே நோய்தான். ஒரு பக்க நெற்றிப்பொட்டிலே தொடங்கும், வெளிச்சம் கூசும், ஓங்காளம் வரும், இரண்டு நாள் படுத்தெழுந்தால் விலகும். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், விட்டுப்போன பாடங்களை நடத்துவார். கண்ணாடி மாற்றிப் பார்த்தார். எண்ணெய் மாற்றிப் பார்த்தார். தலையைப் படம் பிடித்தும் பார்த்தாயிற்று. "ஒரு பழுதும் இல்லை" என்றார்கள். அந்த நற்செய்தியைக் கேட்டு வந்து அவர் அழுததை நான் அறிவேன். பழுதில்லையெனின் நோவு எங்கிருந்து வருகின்றது? முன்கூட்டியே ஓய்வுபெறுவதற்கான விண்ணப்பத்தை எழுதி, கையொப்பம் இடாமல் மேசை இலாச்சிக்குள் வைத்திருந்தார்.

அந்நிலையிலேதான் சக ஆசிரியை ஒருவர், அக்குபங்சர் என்னும் சீன ஊசி வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். நாங்கள் கண்ட வைத்தியர் மேனாட்டு மருத்துவத்திலே பட்டம் பெற்று, பின்னர் ஊசி முறையையும் பயின்றவர். நான் துணைக்குப் போனேன். ஊசிப் பெட்டியைத் திறப்பார் என்று அஞ்சியிருந்தோம். அவர் திறந்ததோ ஒரு கொப்பியை. முக்கால் மணி நேரம் வினாக்களே. எத்தனை மணிக்குத் தூக்கம்? காலையில் உண்பதுண்டா? நாளொன்றுக்கு எத்தனை கோப்பை தேநீர்? மலச்சிக்கல் உண்டா? மாதவிலக்குக்கு எத்தனை நாள் முன்னர் தலையிடி வருகின்றது? நாக்கை நீட்டச் சொன்னார். இரு கைகளிலும் நாடி பார்த்தார். பிடரியையும் தோளையும் அமுக்கிப் பார்த்தார்.

"தலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே, டொக்டர்?" என்றார் அக்கா.

"இவ்வளவு நேரமும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், ரீச்சர்" என்றார் அவர்.

உண்ணுகின்ற குளிசைகளை ஒரு மாதம் எழுதிவரச் சொல்லி அனுப்பினார். கணக்கைக் கூட்டியபோது, 30 நாட்களில் 19 நாட்கள் குளிசை உண்ட நாட்களாக இருந்தன. அப்பொழுதுதான் எங்களுக்கு ஓர் உண்மை தெரியவந்தது. பரசிற்றமோல் போன்ற சாதாரண நோக்குளிசைகளை, மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து விழுங்கிவருவோருக்கு, அக்குளிசைகளே தலையிடியை வளர்க்கக்கூடும். பல மருந்துகள் கலந்த குளிசைகளாயின் 10 நாட்களே போதும். வீட்டுக்கு வீடு கைப்பையிலும் தலையணையின் கீழும் குளிசை அட்டை வைத்திருக்கும் நம்மவர்கள் இதனை அறிந்திருத்தல் நல்லது. அக்காவின் குளிசைகளை வைத்தியர் நிறுத்துவித்தார். முதல் இரண்டு வாரங்கள் பொல்லாதவையாகவே கழிந்தன. அதனையும் அவர் முன்னரே சொல்லியிருந்தார்.

இனி ஊசிக்கு வருவோம். மயிர் போன்ற மெல்லிய ஊசிகள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒன்று, காலிலே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே ஒன்று, பிடரியிலே இரண்டு. குத்தும்பொழுது எறும்புக் கடியளவே நோவு. பின்னர் ஒருவகைக் கனமும் விறைப்பும். இருபது நிமிடம் அசையாது படுத்திருக்க வேண்டும். "தலையிடிக்குக் காலிலே குத்துவதா?" என்று அத்தான் நகைத்தார். சீனரின் பழைய மருத்துவ நூல்கள் இதற்கு விடை கூறுகின்றன. சீ என்னும் உயிராற்றல் உடலெங்கும் 12 நாளங்களின் வழியே ஓடுகின்றது. அவ்வோட்டம் எங்கு தடைப்பட்டதோ அங்கன்றி, வேறோரிடத்திலே நோவு தோன்றலாம் என்பது அவர்கள் கொள்கை. ஆயின் உடலை அறுத்துப் பார்த்தோர் எவரும் அந்நாளங்களைக் கண்டதில்லை. சீன நாட்டிலேயே இம்முறை எப்பொழுதும் போற்றப்பட்டதன்று. 1822ஆம் ஆண்டிலே பேரரசர் அதனை அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து நீக்கினார்.

மேனாட்டார் கண்களை அதன்பால் திருப்பியது 1971ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் சீனாவுக்குச் சென்றிருந்தபோது, பெய்ஜிங்கிலே அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஊசி குத்தி மயக்கமின்றி அறுத்தார்கள் என்று இன்றும் கதை சொல்வோர் உளர். அது தவறு. அறுவைக்கு வழக்கமான விறைப்பு மருந்துதான் பயன்பட்டது. மறுநாள் இரவு வயிற்றிலே ஏற்பட்ட வேதனைக்கே முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசி குத்தினர், வேதனை தணிந்தது. அவர் அதனைக் கட்டுரையாக எழுத, அமெரிக்கா வியந்தது.

வியப்பு ஓய்ந்தபின் ஆராய்ச்சி வந்தது. ஒற்றைத் தலையிடி உள்ள 302 பேரைக் கொண்டு ஜெர்மனியிலே நடத்திய ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு உரிய இடங்களிலே ஊசி. இன்னொரு சாராருக்கு, அவர்கள் அறியாமல், சம்பந்தமற்ற இடங்களிலே மேலோட்டமாக ஊசி. மூன்றாம் சாரார் ஊசியின்றிக் காத்திருந்தனர். தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தோர் முதற் சாராரில் நூற்றுக்கு 51, இரண்டாம் சாராரில் 53, காத்திருந்தோரில் 15.

இவ்வெண்களைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் வலுத்துவருகின்றது. குறித்த இடமும் குறியாத இடமும் ஒரே பயனைத் தருமாயின், குணத்தை நாளங்களின் வரைபடத்திலே தேடுவது வீண். ஆனால், ஊசியால் பயனில்லை என்று தள்ளிவிடவும் இயலாது. காத்திருந்தோரைப் போல மும்மடங்கினருக்கு மேல் நலம் கண்டிருக்கின்றனரே! வாரந்தோறும் ஒருவர் தன்னை முழுமையாக விசாரிக்கின்றார். தோலிலே சிறு குத்து உடலைத் தட்டியெழுப்புகின்றது. இருபது நிமிடம் எவரும் எதுவும் கேளாமல் கிடக்க முடிகின்றது. பதினான்கு ஆண்டுகளில் அக்காவுக்கு அத்தகைய இருபது நிமிடம் வேறெங்கே கிடைத்தது?

நாடுவோருக்குச் சில சொற்கள். ஊசி உறையை உங்கள் கண்முன்னே உடைக்க வேண்டும். ஒருமுறை குத்திய ஊசியை மீண்டும் குத்தலாகாது. கருவுற்றவர்கள் அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையிலே மேற்சொன்ன இடத்தில் அவர்களுக்குக் குத்துவதில்லை. இடி விழுந்தாற்போலத் திடீரென வந்த தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் தலையிடி, கைகால் சோரும் தலையிடி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாய்த் தொடங்கிய தலையிடி ஆகியன ஊசிக்குரியன அல்ல. தாமதியாது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி நூல் 2012ஆம் ஆண்டில், மருந்து ஒத்துவராத ஒற்றைத் தலையிடிக்காரருக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து முறைவரை ஊசி குத்திப் பார்க்கலாம் என்றது. அக்காவுக்கும் பத்து முறைதான். மாதத்தில் பன்னிரண்டாக இருந்த தலையிடி நாட்கள் நான்காயின. விண்ணப்பம் இன்னும் இலாச்சிக்குள்ளேதான் கிடக்கின்றது.

எதனாலே குறைந்தது என்பதில் வீட்டிலே இன்றும் வழக்குத் தீரவில்லை. ஊசியே என்கிறார் அக்கா. குளிசையை விட்டதே என்கிறார் அத்தான். காலையிலே தான் ஊட்டிய இடியப்பமே என்கிறார் அம்மா. வைத்தியரிடமே கேட்டுவிடுவோம் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இந்த மாதக் கொப்பியைக் கொண்டுவந்தீர்களா, ரீச்சர்?" என்றார்.