சிவப்பு லைட்டும் ஒகேனக்கல் தண்ணியும்

"சிவப்பு விளக்குக்குப் போயிட்டு, அப்படியே ஒகேனக்கல் போயிட்டு வந்துடறேன்" என்று தர்மபுரியிலிருந்து போனில் சொன்னதும் மறுமுனையில் மௌனம். நீ...ண்ட மௌனம். "முழங்காலுக்குடீ!" என்று நான் அலறிய அலறலில், மைத்துனர் வீட்டு மொட்டை மாடியில் வடாம் திருட வந்த காக்கா பறந்தே போய்விட்டது.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக எனக்கு வலது முழங்கால் வலி. மாடிப்படி என்றாலே அலர்ஜி. "நம்ம ஊர்ல ஒரு ஃபிசியோதெரபி பொண்ணு இருக்கு மாமா, கெட்டிக்காரி. சிவப்பு லைட் வெச்சே சரி பண்ணிடுது" என்றார் மைத்துனர். போனேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, நான்கு கட்டில், நான்கு திரை. டாக்டர் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். போனவுடன் லைட்டைப் போடுவார் என்று பார்த்தால், கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார். சுகர் இருக்கா? கேன்சர் ஏதாவது வந்திருக்கா? வெயில் பட்டால் தோல் தடிக்கிற மாதிரி மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? பிறகு இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். மாற்றி மாற்றிக் காலில் வைத்து, "இது சூடா, ஜில்லா?" என்றார்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"சுகர் இருக்கறவங்க சில பேருக்குக் கால்ல உணர்ச்சியே இருக்காது சார். லைட்டுச் சூட்டுல தோல் வெந்தாலும் தெரியாது."

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டேன். சிவப்பு லைட் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அந்தக் காலத்திலிருந்தே ஆஸ்பத்திரிகளில் இருக்கும் இன்ஃப்ராரெட் பல்பு. அதன் வேலை சூடு கொடுப்பது. பாட்டி தவிட்டு மூட்டை வைத்து ஒத்தடம் கொடுத்தாளே, அதற்குக் கரண்ட் கனெக்ஷன் கொடுத்த மாதிரி! இன்னொன்று புதுசு. எல்.இ.டி. பதித்த பட்டை. இதில் சூடு அநேகமாகத் தெரியாது. 600-லிருந்து 700 நானோமீட்டருக்குள் இருக்கும் சிவப்பு ஒளியும், அதைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் தோலுக்குள் கொஞ்சம் நுழைகின்றன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதை வாங்கிக்கொண்டு சுறுசுறுப்பாகிறதாம். என் வீட்டில் காபிக்கு இருக்கிற வேலை.

1967-ல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர் எலிகளின் முடியை மழித்து லேசர் ஒளி காட்டினார். ஒளி பட்ட எலிகளுக்கு மற்றதைவிடச் சீக்கிரம் முடி முளைத்துவிட்டது. அதுதான் ஆரம்பம். (உடனே தலையைத் தடவாதீர்கள். மனிதத் தலையில் பலன் கொஞ்சம்தான்.) அதற்கும் முன்னால் டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சென் என்பவர், அம்மை போட்டவர்களைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்றார். அது பிற்பாடு எடுபடவில்லை. ஆனால் ஒளியைக் குவித்துத் தோல் காசநோய்க்கு வைத்தியம் செய்ததற்காக 1903-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

"அப்போ என் முழங்கால் குணமாயிடுமா?" என்றேன் நேரடியாக.

டாக்டர் பெண் சிரித்தார். "வலி கொஞ்சம் குறையலாம் சார். முழங்கால் விஷயத்துல சில ஆராய்ச்சி பலன் உண்டுங்குது, சில ஆராய்ச்சி பெரிசா இல்லைங்குது. கேன்சர் சிகிச்சை எடுக்கறவங்களுக்கு வாய்ப்புண் வருமில்ல, அதுக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கு. உங்களுக்கு லைட்டைவிட எக்சர்சைஸ்தான் முக்கியம்." சொல்லிக்கொண்டே முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "அமுக்குங்க... பத்து எண்ணுங்க... விடுங்க" என்றார். லைட்டை வைத்துக் காசு பண்ணத் தெரியாத பெண்ணாக இருக்கிறதே என்று தோன்றியது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. முதுகில் இன்ஃப்ராரெட் பல்பு. வலிக்கிற பெருமூச்சு மட்டும் திரை தாண்டிக் கேட்டது.

"பாட்டி, எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"இப்போ குழாய்த் தண்ணி கண்ணு. முன்னால போர் தண்ணிதான். காய்ச்சித்தான் குடிச்சோம்."

"காய்ச்சினா கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது பாட்டி."

எனக்குச் சுருக்கென்றது. தர்மபுரிப் பக்கம் பூமிக்கடியில் பாறை. அதிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து கிணற்றுக்கும் போருக்கும் வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, 1.5-ஐத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுக் கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். பெரியவர்களுக்கு எலும்பு இறுகும், முதுகு வளையாது, சம்மணம் போட்டு உட்கார முடியாது. எலும்பில் ஏறியதை எந்த லைட்டும் இறக்காது. வலியை ஆற்றலாம், அவ்வளவுதான்.

மறுநாள் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் பஸ். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் காடு, வளைவு, இறக்கம், குரங்கு. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகைகிற கல்தான் ஒகேனக்கல். நீர்த்திவலை எழும்புவதைப் பார்த்தால் யார் வைத்த பேரோ, பொருத்தம்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பத்தாவது அடியில் "எண்ணெய் மசாஜ் சார்!" என்று நாலு பேர். ஒருவரிடம் மாட்டினேன். பாறையில் துண்டோடு உட்கார வைத்து, தலையில் எண்ணெயை ஊற்றி, தபதபவென்று தட்ட ஆரம்பித்தார். முதுகில் தபேலா கச்சேரி! ஆனால் மனிதர் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி என்னை ஆச்சரியப்படுத்திவிட்டது. "பி.பி. இருக்கா சார்? எங்கயாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கா?" முழங்காலைப் பார்த்தவர், "இங்க வீங்கியிருக்கு. இதுல அழுத்த மாட்டேன்" என்று தொடையோடு நிறுத்திக்கொண்டார். எந்தக் காலேஜிலும் படிக்காதவர். அப்பா கையைப் பார்த்துக் கற்ற தொழிலாம்.

எண்ணெய் ஊற வெயிலில் கொஞ்ச நேரம், பிறகு அருவி. (அந்த வெயிலிலும் அதே சிவப்பு ஒளி இருக்கிறது. பில் கிடையாது!) வலி போயே போச்சு என்று எழுத ஆசைதான். சாயங்காலம் பஸ் படியேறும்போது திரும்பி வந்துவிட்டது.

இங்கிருந்துதான் காவிரித் தண்ணீர் மேலேறி ஊருக்குள் போகிறது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும். ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே போட்ட திட்டம்.

மறுநாள் இரண்டாவது சிட்டிங். அதே பாட்டி, அதே கட்டில்.

"நேத்து எங்க தம்பி போயிருந்தே?"

"ஒகேனக்கல் போய்க் குளிச்சிட்டு வந்தேம்மா."

"அந்தத் தண்ணிதான் எங்க வீட்டுக்கு வருது. பேத்தி பல்லு வெள்ளை வெளேர்னு இருக்கு, பாக்கணுமே!" என்றார் பெருமையாக. பிறகு சுவர்ப் பக்கம் மெதுவாக, முழு உடம்பையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு, "எனக்கு ஒரு முப்பது வருஷம் முன்னாடி வந்திருக்கணும்" என்றார்.

டாக்டர் பெண் பல்பின் உயரத்தைச் சரி செய்துவிட்டு, "சூடு போதுமா பாட்டி?" என்று கேட்டார்.