எந்தத் தேதியில் நிறுத்தினீங்க?

மார்ஃபின் தொடங்கிய மூன்றாவது நாள் எனக்குத் தலைவலி வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. எட்டு மாதம் டிரமடால் சாப்பிட்டேன். 50 மில்லிகிராமில் தொடங்கியது, மெல்ல மெல்ல ஒரு நாளைக்கு 400 வரை போனது. அதுதான் அந்த மருந்தின் உச்சவரம்பு. அதற்குமேல் ஏற்ற முடியாது, வலியோ ஏறிக்கொண்டே இருந்தது. மருத்துவர் டிரமடாலை நிறுத்திவிட்டு மார்ஃபின் எழுதினார். பத்து மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, இரவு படுக்கும்போது மட்டும் இரண்டு.

சீட்டைப் பார்த்ததும் வீட்டில் பேச்சு நின்றுபோனது. “மார்ஃபினா? அது கடைசிக் காலத்துலல்ல குடுப்பாங்க?” என்றார் அத்தை. கணவர் மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டினார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை, நான் அதற்கு அடிமையாகிவிடுவேனோ என்ற பயம்தான். இருபத்திரண்டு வருடமாக வீட்டுச் செலவு, பிள்ளை ஃபீஸ், நகைச் சீட்டு எல்லாம் என் கையில்தான் இருந்தன. என் வலிக்கான மாத்திரையை மட்டும் நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் இரண்டே நாளில் இடுப்பு வலி அடங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு ஸ்டூல் போடாமல் நின்று குளித்தேன். இந்த நேரத்தில் தலை வலிக்கிறது என்று சொன்னால் முதலில் மார்ஃபினைத்தான் நிறுத்துவார்கள். ஒரு வலியைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு வலியை ஒளித்து வைத்தேன்.

அது எனக்குப் பழக்கமான தலைவலி இல்லை. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் மண்டைக்குள் சுள்ளென்று மின்சாரம் அடித்தது. ராத்திரி வியர்த்துத் தலையணை நனைந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது, மிக்சி சத்தத்துக்குக் கோபம் வந்தது. ஆறாம் நாள் காலையில் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மகள் பார்த்துவிட்டாள்.

புற்றுநோய்க்காரிக்குத் தலைவலி என்றால் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான். யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர ஒரு நாள் ஆனது. அந்த இரவு நான் மகளின் பிளஸ் டூ பரீட்சைத் தேதிகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூளையில் எதுவும் இல்லை என்று மறுநாள் வந்தது. வீடே மூச்சு விட்டது. தலைவலி மட்டும் அப்படியே இருந்தது.

“ரிப்போர்ட் கிளீனா இருக்கும்மா. ரொம்ப யோசிக்கிறீங்க, அதான்” என்றார் அன்று பார்த்த மருத்துவர். தியானம் செய்யச் சொன்னார்.

ஸ்கேனில் தெரியாத வலி பெண்ணுடையது என்றால் அது மனசுக்குப் போய்விடுகிறது. டயான் ஹாஃப்மன், அனிடா டார்சியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது. பெண்கள் சொல்லும் வலியை உணர்ச்சி சார்ந்ததாக, மனம் சார்ந்ததாக எடுத்துக்கொள்ளும் போக்கு சிகிச்சையில் இருக்கிறது என்றது. மருந்து ஆய்வுகளின் கதையும் இதுதான். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் சொன்னது. அதை விலக்கிக்கொள்ள 1993 ஆனது.

வலி நிவாரணப் பிரிவின் சிஸ்டர்தான் வேறு கேள்வி கேட்டார். “அக்கா, பழைய மாத்திரைய எந்தத் தேதியில நிறுத்தினீங்க? கொஞ்சங் கொஞ்சமாவா, ஒரேயடியாவா?”

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தேன். ஒரேயடியாகத்தான். மார்ஃபின் தொடங்கிய அதே நாள்.

அப்புறம் அவர் விளக்கியது இதுதான். டிரமடால் வெறும் ஓபியாய்டு இல்லை, அதற்கு இரண்டு வேலை. ஒன்று, மார்ஃபினைப் போல வலி ஏற்பிகளில் போய் ஒட்டுவது. இன்னொன்று, மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றைப் போல நரம்புகளில் செரடோனின், நார்அட்ரினலின் அளவைக் கூட்டுவது. மார்ஃபின் முதல் வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலைக்கு ஆள் இல்லை. எட்டு மாதம் பழகிய மூளை திடீரென்று கைவிடப்பட்டதுபோல் ஆனது. தலைவலி, வியர்வை, எரிச்சல், அந்த மின்சார அடி எல்லாம் அதனால். உடல் ஒரு மருந்துக்குப் பழகுவதும் அடிமையாவதும் ஒன்றல்ல என்பதையும் என் கணவரை உட்காரவைத்துச் சொன்னார்.

மருத்துவர் மார்ஃபினை நிறுத்தவில்லை. டிரமடாலைச் சிறிய அளவில் திரும்பக் கொடுத்து, தன் கண்காணிப்பிலேயே இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். இரண்டையும் நாமாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, மூச்சு மந்தமாகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். முதல் நான்கு நாளிலேயே மின்சார அடி நின்றது.

மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினிச் செடி பயிராகிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. அந்த அலைச்சலுக்குப் பயந்தே பல இடங்களில் மார்ஃபின் இல்லாமல் போனது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிமையானது. டிரமடால் 2018இல் அதே சட்டத்துக்குள் வந்தது. சட்டம் கொஞ்சம் தளர்ந்தாலும் வீட்டு பீரோ தளர்வதில்லை. வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணைச் சந்தேகப்பட எந்தச் சட்டமும் தேவையில்லை.

என் மேலும் தப்பிருக்கிறது. ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருந்த அந்த ஓர் இரவு இருந்திருக்காது. ஆனால் சொன்னால் பறித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

அதனால் படிக்கிற தோழிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வலி மாத்திரை மாற்றினால் தேதியைக் குறித்து வையுங்கள். பழையதை எப்படி நிறுத்துவது என்று சீட்டு எழுதும்போதே கேளுங்கள். புதிதாக எது வந்தாலும் எந்த நாள், எந்த நேரம் என்று எழுதி எடுத்துப்போங்கள். நம் வார்த்தையை நம்பாதவர்கள்கூடத் தேதியை நின்று பார்க்கிறார்கள்.

பீரோ இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீடு, பூட்டத்தான் வேண்டும். சாவி மட்டும் என் தாலிச் சங்கிலியின் ஊக்கில் தொங்குகிறது.