பாலத்துக்கு இந்தப் பக்கம்

நாவற்குடாவுக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் போவேன். அப்போதுதான் தாய்மாரை வீட்டில் காணலாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் தரை. ஒழுங்கைகளில் பொடியன்கள் கிரிக்கெட் அடிக்க, பெண் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள்.

"மகள் பெரிய பிள்ளையாகிட்டாள் மிஸ், இனி என்னத்துக்கு விளையாட்டு?" என்றார் ஒரு தாய். பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் போட்டவள் அந்தப் பிள்ளை. அவளுடைய சித்தி இருப்பது ஸ்காபரோவில். ரொறன்ரோவுக்குப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து அணி வழங்கப்படுவதாக 2024 மே மாதம் அறிவித்தார்கள். 1997இல் ஆட்டங்களைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்கள் லீக்கில், அந்நாட்டுக்கு வெளியே அமைந்த முதல் அணி அது. பெயர் ரொறன்ரோ ரெம்போ. 2026 பருவத்துக்கென அமைக்கப்பட்டது.

"விளையாடச் சம்பளமா?" தாய் சிரித்தார்.

கூடைப்பந்து நமக்குப் புதிதல்ல. கல்லடிப் பாலம் தாண்டினால் புளியந்தீவில் புனித மிக்கேல் கல்லூரி. அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் வளர்த்த ஆட்டம். 1990இல் காணாமற்போன யூஜின் ஹேபெட் அடிகளாரும் அங்கே பயிற்றுவித்தவர்தான். ஆனால் அது ஆண்கள் கல்லூரி!

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றியும் சொன்னேன். 2019 உலகக் கிண்ண வலைப்பந்தில் 348 கோல்கள். அத்தொடரில் எவரும் அவ்வளவு போடவில்லை.

தாய் சற்று யோசித்தார். "பயிற்சி முடிய இருட்டிடும். ஆர் கூட்டி வாறது?"

அதுதான் உண்மையான தடை. அடுத்த வீட்டுத் தாயையும் கூப்பிட்டோம். செவ்வாய் இவர், வியாழன் அவர்.